தரவுத்தளம் சொன்னதும் திரை சொல்லாததும்

(சங்கத்தின் இளைஞர் வட்டத்தில் நிகழ்த்திய உரை)



பேராதனையில் பயிலும் மாணவர் என்ற முறையில், கணினி பற்றி ஏதேனும் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். கணினியின் பெருமைகளை அடுக்கிக் கூற நாம் வரவில்லை. அவற்றைப் பத்திரிகைகள் தினமும் கூறுகின்றன. கணினி தன் வழுவைக் கூறாமல் மறைக்கும் சந்தர்ப்பங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். இது பொறியியலாளருக்குரிய விஷயமன்றோ, எமக்கென்ன என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருளுங்கள்.

பதிவேடு என்ற சொல்லைக் கேட்டால் மலைநாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் ஒரு நடுக்கம் உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் என்று, எம் பாட்டன்மாரின் வாழ்வு முழுவதும் ஏதோ ஓர் ஏட்டில் பெயர் இருக்கின்றதா இல்லையா என்ற கேள்வியிலேயே கழிந்தது. அக்காலத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் ஒரு கடிதமாவது வரும். கையில் கடிதமிருந்தால் மேன்முறையீடு செய்யலாம். பெயரும் ஏறாமல், ஏறவில்லை என்ற செய்தியும் வராமல் போனால் மனிதன் எங்கே போய் முறையிடுவது? கணினிக் காலத்துப் பதிவேட்டில் நேரக்கூடிய புதிய இடர் இதுதான்.

கண்டி நகரை அண்டிய ஒரு சேவை நிலையத்தில் இது நேர்ந்தது. நிலையத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்குவதற்காக அங்கே விண்ணப்பங்களைக் கணினியில் பதிகிறார்கள். ஹந்தானை, கலஹா, புசல்லாவைப் பக்கங்களிலிருந்தெல்லாம் படிவங்கள் வருகின்றன. விபரங்களை இட்டுப் பொத்தானை அழுத்தினால் "பதிவு செய்யப்பட்டது" என்று திரையில் வரும். ஆனால் பட்டியலை அச்சிட்டபோது சில பிள்ளைகளின் பெயர் இல்லை. அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்றார் ஒருவர். படிவம் தபாலில் தொலைந்திருக்கும் என்றார் இன்னொருவர். ஒரு தாயார் தம் கையாலேயே கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னபோது அவர் பேச்சை எவரும் நம்பவில்லை. திரை பொய் சொல்லாது என்றல்லவா எல்லோரும் நினைக்கிறோம்? முடிவுத் திகதிக்குச் சில நாட்களே இருந்த நிலையில், மாணவர் சிலராகிய எம்மை அழைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

நாம் கண்டதைக் கூறுமுன், யந்திரத்தின் அமைப்பை ஓர் உவமையால் விளக்குகிறோம். கச்சேரிக்குப் போகிறீர்கள். முன்னால் கருமபீடத்தில் ஒரு எழுதுவினைஞர் இருக்கிறார்; பின்னால் பூட்டிய பதிவறையில் ஏடுகளைக் காப்பவர் இருக்கிறார். நீங்கள் பேசுவது முன்னவரோடு மட்டுமே. அவர் உங்கள் தாளை உள்ளே கொண்டுபோகிறார். காப்பாளர் ஏட்டைப் பார்த்து, "இதே பெயரில் ஏற்கெனவே ஒரு பதிவு உண்டு, இதை ஏற்க முடியாது" என்கிறார். எழுதுவினைஞர் அதைக் காதில் வாங்காமல் வெளியே வந்து, "எல்லாம் சரி, போய் வாருங்கள்" என்கிறார். முன்னே இருப்பவர் பிரயோக மென்பொருள். பின்னே இருப்பவர் தரவுத்தளச் சேவையகம். அந்த நிலையத்தில் முன்னது மைக்ரோசொப்ட் அக்செஸ், பின்னது எஸ்.கியூ.எல். சேர்வர். இரண்டுக்குமிடையே செய்தி கொண்டு செல்வது ஏ.டி.ஓ. எனப்படும் இணைப்பு மென்பொருள்.

ஆகவே வழுச்செய்தி காணாமற் போயிற்று என்றால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: காப்பாளர் பேசினாரா, பேசவில்லையா? பலர் இதைக் கேளாமல் திரையில் தெரியும் படிவத்தையே பிரித்துப் பிரித்துப் பார்த்து நாட்களைக் கழிக்கிறார்கள். நாம் தரவுத்தளத்தின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு (அசலில் கைவைப்பது ஒருபோதும் ஆகாது), விடுபட்ட பிள்ளை ஒருத்தியின் விபரத்தை அக்செஸ் வழியாக இட்டோம். "பதிவு செய்யப்பட்டது" என்றே வந்தது. அதே கட்டளையைச் சேவையகத்தின் சொந்தக் கருவியான மனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் நேரடியாக இட்டோம். உடனே சிவப்பெழுத்தில் 2627 ஆம் இலக்க வழு, தரம் 14 என்று வந்து நின்றது. தனித்துவமாக இருக்கவேண்டிய ஒன்று இருமுறை வருகிறது என்பது அதன் பொருள். பின்னர் புரொபைலர் என்ற கருவியால் கம்பிவழிப் பேச்சை ஒட்டுக் கேட்டபோது, அக்செஸ் வழியாக இட்ட வேளையிலும் சேவையகம் அதே வழுவைச் சொல்லியிருந்தமை தெரிந்தது. புரொபைலர் இப்பொழுது பழைய கருவியாகிவிட்டது. எக்ஸ்டெண்டட் ஈவன்ட்ஸ் என்பது அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. எதைக் கொண்டு கேட்டாலும் கேட்பதே முக்கியம்.

காப்பாளர் பேசியிருக்கிறார். அப்படியானால் செவிடு யார்?

அக்செஸ் நிரலைத் திறந்தோம். தலைப்பிலேயே "ஒன் எரர் றிசியூம் நெக்ஸ்ட்" என்ற வரி. வழு நேர்ந்தாலும் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் கருத்து. இவ்வரியை நிரலின் தலையில் எழுதுவது, வீட்டுக் கதவைப் பூட்டத் தெரியாமல் நாயின் வாயைக் கட்டுவது போன்றது. கள்வன் இதோ அகப்பட்டான் என்று அதை நீக்கினோம். மறுபடியும் இட்டோம். மறுபடியும் "பதிவு செய்யப்பட்டது"!

உண்மைக் காரணம் இன்னும் ஆழத்தில் இருந்தது. பிள்ளையைப் பதியும் சேமித்த செயன்முறை இரண்டு காரியங்களைச் செய்கிறது. முதலில் பெற்றோரை ஓர் அட்டவணையில் எழுதுகிறது. பின்னர் பிள்ளையை வேறோர் அட்டவணையில் எழுதுகிறது. எஸ்.கியூ.எல். சேர்வருக்கு ஒரு வழக்கம் உண்டு: ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் "ஒரு வரி பதிவாயிற்று" என்று எண்ணிக்கை சொல்லும். பெற்றோர் பதிவானதும் அவ்வெண்ணிக்கை புறப்பட்டு வருகிறது. ஏ.டி.ஓ. அதை முதலாவது பெறுபேறாக எடுத்துக்கொண்டு, "இதோ விடை" என்று நிரலிடம் நீட்டுகிறது. நிரலும் மகிழ்ந்து கதவைச் சாத்திவிடுகிறது. பிள்ளையைப் பற்றிய வழு இரண்டாவது பெறுபேறாக வரிசையில் பின்னால் நிற்கிறது. அதை எடுத்துப் பார்ப்பார் இல்லை. அடுத்த பெறுபேறு உண்டா என்று நிரல் கேட்டிருந்தால் அது அப்போதே வெளிப்பட்டிருக்கும். கேட்கவில்லை. பெற்றோர் அட்டவணையைப் போய்ப் பார்த்தோம். விடுபட்ட பிள்ளைகள் ஒவ்வொருவரின் தாய் தந்தையரும் அங்கே ஒழுங்காக இருந்தனர். பிள்ளை மட்டும் இல்லை. கையால் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்ன அந்தத் தாயாரின் பெயரும் அங்கிருந்தது, அவர் வந்த திகதியோடு.

இந்நோய்க்கு மருந்து மிகச் சிறியது. செயன்முறையின் முதல் வரியில் "செட் நோ கவுண்ட் ஒன்" என்று எழுதினால் எண்ணிக்கைச் செய்திகள் நின்றுவிடும். வழு முதலாவதாக வந்து முகத்தில் அறையும். ஒரே ஒரு வரி. எழுதிப் பார்த்தோம், திரையில் வழு தோன்றியது. வழுவைக் கண்டு நாம் அன்று அடைந்த சந்தோஷத்தை இங்கே சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. தனித்துவம் மீறப்பட்டது என்று சேவையகம் சொல்கிறதே, அந்தப் பிள்ளை வேறெங்கும் பதியப்படவில்லையே? எதனோடு மோதுகிறது? அங்கிருந்த விதி இது: ஒரே பாடசாலை, ஒரே வகுப்பு, ஒரே பெயர் இருமுறை வரலாகாது. அதுவே நல்ல விதியன்று. ஒரு வகுப்பில் இரண்டு ராணி இருக்கமாட்டார்களா? எனினும் நாம் பரிசோதித்த வகுப்பில் ஒரே ராணிதான். அவள் மோதிய பதிவைத் திறந்து பார்த்தோம். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு கேள்விக்குறிகள்!

இங்கேதான் நம் மொழி வருகிறது. அந்த நிலையத்தில் முன்பு பெயர்களை ஆங்கில எழுத்திலேயே இட்டு வந்தார்கள். பிள்ளையின் பெயரைத் தமிழிலேயே எழுதுவோம் என்று புதிதாக வந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு தொடங்கினார். பெயருக்கென்று ஒதுக்கிய புலமோ "வார்சார்" வகையைச் சேர்ந்தது. அவ்வகைப் புலம் பழைய குறிப்பக்கம் ஒன்றைக் கொண்டு இயங்குவது. அங்கிருந்தது மேலைநாட்டு எழுத்துக்களுக்கான 1252 ஆம் பக்கம். அதில் தமிழுக்கு இடமில்லை. யூனிகோடின் முதற்பதிப்பிலேயே, 1991 இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதனை ஏற்கும் புலம் "என்வார்சார்" என்ற வேறு வகை. வார்சார் புலத்தில் தமிழை இட்டால் சேவையகம் சண்டை பிடிப்பதில்லை, எச்சரிப்பதுமில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டுப் பேசாமலிருக்கிறது. முன்னர் சொன்ன மௌனத்தில் குற்றம் எழுதுவினைஞருடையது. இந்த மௌனத்தில் காப்பாளரே வாய் திறக்கவில்லை.

அடுத்தது கணக்கு. ராணி என்பது நமக்கு இரண்டெழுத்து. கமலா மூன்றெழுத்து. கணினிக்கோ உயிர்மெய்யின் அடையாளங்கள் தனித்தனிக் குறிகள். ரகரம், கால், ணகரம், இகர விசிறி என்று ராணிக்கு நான்கு. கமலாவுக்கும் நான்கு. சிவாவுக்கும் நான்கு. மூவரும் ஒரே வகுப்பிலிருந்தால் மூவரும் ஒரே நான்கு கேள்விக்குறிகளே! முதலில் பதியப்பட்டவர் பெயரிழந்து உள்ளே நிற்கிறார். பின்னால் வந்த இருவர் "நீ ஏற்கெனவே இருக்கிறாய்" என்று தள்ளப்படுகிறார்கள். தள்ளப்பட்ட செய்தியை ஏ.டி.ஓ. விழுங்குகிறது, திரை "பதிவு செய்யப்பட்டது" என்கிறது. பிள்ளையின் பெயர் நீளமாயிருந்தால் தப்பினாள், எல்லோருக்கும் வரும் அளவான பெயராயிருந்தால் அகப்பட்டாள் என்றாயிற்று.

பட்டியலில் கேள்விக்குறிகளைக் கண்டவர்கள் ஏன் பேசாதிருந்தார்கள் என்று கேட்பீர்கள். கண்டார்கள், அச்சுப்பொறியில் தமிழ் எழுத்துரு இல்லையென்று நினைத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் இந்த எண்ணம் இயல்பானதே. பாமினி எழுத்துருவில் தட்டியதை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அலங்கோலமாகத் தெரியும்; எழுத்துருவை நிறுவியதும் சரியாகிவிடும். ஏனெனில் பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகளே. தமிழ் என்பது மேலே போர்த்திய வேடம். விசித்திரம் என்னவென்றால், அந்தப் பழைய வேடத் தமிழ் வார்சார் புலத்தில் சேதமின்றிப் பிழைத்திருக்கும். யூனிகோடுத் தமிழ்தான் மாண்டது. கேள்விக்குறி எழுத்துருக் கோளாறன்று. பெயர் நிரந்தரமாக அழிந்துவிட்டது என்பதன் அடையாளம். நான்கு கேள்விக்குறியிலிருந்து ராணியா கமலாவா என்று எந்த மேதையாலும் மீட்டெடுக்க முடியாது. காகிதப் படிவங்களை எறிந்துவிடாமல் கட்டி வைத்திருந்த முதிய உத்தியோகத்தர் ஒருவரால்தான் அன்று காரியம் நடந்தது. அவரைப் பழைய காலத்து மனிதர் என்று அங்கு பரிகசிப்பார்களாம்.

செய்த திருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். புலங்களையும் செயன்முறையின் உள்ளீடுகளையும் என்வார்சார் ஆக்கினோம். அது மட்டும் போதாது. கட்டளைக்குள் நேரடியாக எழுதும் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் "என்" என்ற எழுத்தை இடாவிட்டால், புலத்தை அடையுமுன்பே அது கேள்விக்குறியாகிவிடும். பெற்றோர் பதிவும் பிள்ளை பதிவும் ஒன்றாக நிற்கவேண்டும் அல்லது ஒன்றாக விழவேண்டும் என்று ஒரே கொடுக்கல்வாங்கலுக்குள் கட்டினோம். தனித்துவ விதியைப் பெயரிலிருந்து எடுத்துப் பிறப்புச் சான்றிதழ் இலக்கத்துக்கு மாற்றினோம். இறுதியாக, "பதிவு செய்யப்பட்டது" என்ற வாக்கியத்தைப் பொத்தானிலிருந்து பறித்தோம்: பதிந்த பெயரைத் தரவுத்தளத்திலிருந்து திரும்ப வாசித்து, அந்தப் பெயரையே திரையில் காட்டவேண்டும் என்று ஏற்பாடு. படிவங்கள் மறுபடியும் இடப்பட்டன. முடிவுத் திகதிக்குள் எல்லாம் ஏறின.

இம்மௌன வியாதி ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. ஒராக்கிள் பாவிப்போர் "வழு ஒராக்கிள் 12154 இன் வாசகத்தைப் பெற முயன்றபோது வழு" என்னும் பொருள்பட ஒரு செய்தியைக் கண்டிருப்பார்கள். இலக்கம் வந்துவிட்டது, அதன் பொருளைக் கூறும் செய்திக் கோப்பு பயனரின் கணினியில் இல்லை, அல்லது இருந்தும் அதை வாசிக்கும் அனுமதி இல்லை. பயபேர்டு என்னும் தரவுத்தளத்திலும் செய்திக் கோப்பு காணாமற் போனால் வெறும் இரண்டு இலக்கங்களே வரும். இவை பரவாயில்லை, ஊமையானாலும் கையசைக்கின்றன. பி.எச்.பி. மொழியில் மைஸ்குலி என்னும் இணைப்பு, வழு நேர்ந்தால் "இல்லை" என்ற மதிப்பைத் திருப்பித் தந்துவிட்டு அமைதியாக இருந்தது. 2021 இல் வந்த 8.1 ஆம் பதிப்பிலிருந்துதான் இயல்பாகவே கூவத் தொடங்கிற்று. மைஎஸ்கியூஎல் 2015 இன் 5.7 ஆம் பதிப்புக்கு முன் இயல்பான நிலையில், நீண்ட பெயரின் வாலை வெட்டி எறிந்துவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். அவ்வெச்சரிக்கையைக் கேட்டாலொழிய அது வராது. எஸ்.கியூ.எல். சேர்வரில் நிரலாளரே எழுப்பும் வழுவின் தரம் 10 அல்லது அதற்குக் கீழாயின் அது வழுவன்று, வெறும் தகவல். பல மென்பொருள்கள் தகவலைக் காட்டுவதே இல்லை. ஆகவே வழு எழுப்பினேனே, வரவில்லையே என்போர் முதலில் தம் தர இலக்கத்தைப் பார்க்கவேண்டும்.

இதனால் யாருக்கு என்ன கேடு வந்துவிடும் என்று கேட்போருக்கு பிரித்தானியாவின் தபாற் கந்தோர் வழக்கைக் கூறுகிறோம். அங்கே 1999 முதல் ஹொரைசன் என்னும் கணக்கு முறை உபதபாற் கந்தோர்களில் புகுத்தப்பட்டது. அமைத்துக் கொடுத்தது பியூஜிட்சு. கணக்கில் பணம் குறைகிறது என்று கணினி காட்டியதால் 900 க்கும் மேற்பட்ட உபதபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் வீட்டை விற்றுக் குறையை நிரப்பினர். 2010 இல் அறியப்பட்ட ஒரு வழுவில், கணக்கில் இருந்த வித்தியாசம் கருமபீடத் திரையிலிருந்து மறைந்துவிடும். தலைமைக் கணக்கில் மட்டும் அப்படியே நிற்கும். 2015 இல் டல்மெலிங்டன் என்ற ஊரில் 8,000 பவுணைப் பதியும்போது திரை அசையவில்லை. எந்தச் செய்தியும் இல்லாதபடியால் அங்கிருந்த பெண் மறுபடியும் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தும் ஒரு பதிவாகி 32,000 பவுண் ஆயிற்று. அம்முறையில் வழுக்கள் இருந்தன என்பதை 2019 டிசம்பரில் மேல்நீதிமன்றம் தீர்ப்பாகச் சொன்னது. 2024 இல்தான் பாராளுமன்றம் சட்டமியற்றித் தண்டனைகளை நீக்கிற்று. இருபத்தைந்து ஆண்டுகள்! அங்கேயும் "நீங்கள் சொல்வது போல் வேறெவருக்கும் நேரவில்லையே" என்றுதான் ஒவ்வொருவரிடமும் சொன்னார்களாம். நம் ஊரிலே அந்தத் தாயாரிடம் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

கணினித் துறையில் வேலை பார்க்கும், பார்க்கப்போகும் இளைஞருக்கு ஒரு வார்த்தை. பாவனையாளருக்கு முழு வழுவையும் கொட்டிக் காட்டவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அட்டவணைப் பெயர்களும் உள்விபரங்களும் அந்நியர் கண்ணில் படுவது பாதுகாப்புக்கு நல்லதன்று, வாடிக்கையாளரும் மிரண்டுபோவார். திரையில் இரண்டு வரி போதும்: பதிவாகவில்லை என்பது ஒன்று, அழைத்துக் கூறவேண்டிய ஓர் இலக்கம் மற்றது. முழு விபரம் அதே இலக்கத்தோடு பதிவுக் கோப்பில் இருக்கட்டும். வழுவை அடக்கிவிட்டு முகப்பை அழகாக வைத்திருப்பதை மட்டும் தயவுசெய்து திறமை என்று எண்ணவேண்டாம்.

பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் கோயில் தருமகர்த்தா சபை, மரண உதவிச் சங்கம், கூட்டுறவுக் கடை எதுவானாலும், உறுப்பினர் பெயர்களைக் கணினியில் வைத்திருந்தால், வைத்திருக்கும் பிள்ளையை அழைத்து ஒரு பிரதியில் பரீட்சித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ராணி என்றும் கமலா என்றும் தமிழில் இரண்டு பெயர். பின்னர் ஒரே அங்கத்துவ இலக்கத்தை இருவருக்கு. பின்னர் பொத்தானை அழுத்தும் தறுவாயில் வலையமைப்புக் கம்பியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். மூன்று முறையும் திரை என்ன சொல்கிறது, தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால், கூட்டம் முடிந்ததும் நாம் பின்மண்டபத்தில் இருப்போம், சேர்ந்து பார்க்கலாம். காகிதப் படிவங்களை மட்டும் அதுவரை எறியவேண்டாம்.